மாதேவி பூசிய ராகி

என் அண்ணி மாதேவிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மைசூரில் அவர் வேலை பார்த்த பட்டுநூல் ஆலையில், பட்டுப்புழுக் கூடு வேகவைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அண்ணியின் கண்ணுக்கோ அதிலிருந்த பசைதான் தெரிந்தது. அதைச் சுண்டக் காய்ச்சி, உமிச்சாம்பல் கலந்து, ராகி விதைமேல் பூசி நிழலில் உலர்த்தினார். வீட்டுத் தொட்டியில் முளைப்பு பிரமாதம். ஆலை முதலாளி ஹேமந்த், இந்தப் பூச்சு வேலைக்கென்று ஆலை முற்றத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார்.

பூசிய விதை பஸ் ஏறி, ஹனூரில் இருக்கும் அண்ணியின் அண்ணன் லிங்கப்பனுக்குப் போனது. பாதி வயலில் அது, மீதியில் வெறும் விதை. இரண்டும் ஒரே லட்சணத்தில் சொட்டை சொட்டையாக முளைத்தன.

"இன்னொரு தடவை பாக்கலாம் மாதேவி. அதுவும் ஆகலைன்னா அந்த மூலைய காலி பண்ணிடுங்க" என்று ஹேமந்த் சொல்லிவிட்டார். அண்ணி சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறு ஆடியில் பூசிய விதையும் மீதிப் பசையுமாக அவரே கிளம்பினார். துணைக்கு நான். காலையில் பார்த்தால், நாங்கள் கொண்டுவந்த விதையை லிங்கப்பன் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசு அலசென்று அலசிக்கொண்டிருக்கிறார்!

"அண்ணா, என்ன பண்றே?"

"வெதைக்கறதுக்கு முன்னால மாதேஸ்வரன் முன்ன வெச்சுக் கும்புடோணுமல்ல? புழு வெந்த தண்ணி பட்டத எப்படி வெக்கறது? போன வருசமும் கழுவித்தான் வெச்சேன்."

திட்டு விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அண்ணியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பப் போன வருசம் தோத்தது என்னோட பூச்சு இல்ல!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்கு வெறும் வெதைய வை. கும்புட்டு முடிச்சதும் நான் பூசறேன்" என்றார். லிங்கப்பன் கொஞ்சம் யோசித்து, "சாமிக்கப்பறம்னா சரி" என்று இறங்கிவந்தார்.

பயிர் தலை தூக்கியதும் ஹேமந்தை வரவழைத்தோம். வெறும் விதை போட்ட பாதியில் பழைய சொட்டை. பூசிய பாதியில் கை நுழைய இடமில்லை. ஹேமந்த் வரப்பிலேயே நின்றுவிட்டார். "அடுத்த வருஷம் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்?"

"ஆலையிலிருந்து நாலு பேர எனக்குக் குடுங்க. அவங்களுக்கு நான்தான் மேஸ்திரி."

"சரிங்க மேடம்" என்றார் ஹேமந்த்.

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.