பட்டாவில் இல்லாத விவசாயி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னாள் தங்கை. எழுத உட்கார்ந்தால் என் வண்டவாளம்தான் முதலில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது ஆய்க்குடியில், வாழ்க்கைப்பட்டது குத்துக்கல்வலசையில். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு பாதி மாதம் வெளியூரில் இருந்ததால், இருந்த ஒன்றரை ஏக்கரையும் அம்மாதான் பார்த்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் வெண்டைக்காய் முற்றிவிடும். அதனால் சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். பாவூர்சத்திரம் சந்தையில் அவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே எடை போடுவார்கள். நானும் தங்கையும் படித்ததும், நான் போலீஸ் ஆனதும் அந்த வெண்டைக்காயில்தான்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது எனக்கு நாலு நாள் லீவு மிச்சமிருந்தது. நிலத்தை என் பேருக்கு மாற்றிவிட்டால் பின்னால் அலைய வேண்டாம் என்றேன். அம்மாவும் தங்கையும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவுக்கும் பங்கு உண்டே என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசும் உத்தியோகம் எனக்கு.

சில வருஷம் கழித்து மத்திய அரசு விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் முகாம் போட்ட அன்று அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, ஆதாரும் பட்டாவும் எடுத்துப்போய் வரிசையில் நின்றிருக்கிறார். லேப்டாப் வைத்திருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாளாம்.

"ஆச்சி, பட்டா உங்க மகன் பேர்ல இருக்கு. அவங்கதான் விவசாயி. உங்களுக்கு நம்பர் போட முடியாது."

அங்கிருந்தே அம்மா எனக்குப் போன் செய்தார். நான் சென்னையில் பந்தோபஸ்தில் நின்றிருந்தேன்.

"ஏலே, நீதான் விவசாயியாம். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு அரை ஏக்கர் எழுதித் தாயேன்லே. நானும் சம்சாரிதான்னு ஒரு தாளு இருக்கட்டும்."

எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். அடுத்த லீவுக்கு வந்து எழுதிவிடலாம் என்றேன். அந்த லீவும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. சாரல் நேரத்தில் மாமனார் வீட்டாரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். போகும்போதும் வரும்போதும் தென்காசிப் பத்திரப்பதிவு அலுவலகத்தைத் தாண்டித்தான் போனோம். வீட்டில் பிரிட்ஜ் மேல் அம்மா தன் போட்டோவையும் ஆதார் நகலையும் ஒரு கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அதைப் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் போய்விட்டார். கடைசியாகத் தெளிவாகப் பேசியபோதும், காய் பறித்தாயிற்றா என்றுதான் தங்கையிடம் கேட்டார்.

இறப்பைப் பதியப் படிவம் எழுதியவர், அம்மா என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டார்.

"வீட்லதான் இருந்தாங்க" என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. பக்கத்தில் நின்ற தங்கை என்னைப் பார்த்தாள். அவர் எழுதி முடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்து பார்த்துக்கொண்ட சித்திக்கும், காரியங்களை எடுத்துச் செய்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. அம்மாவோடு களை எடுத்த பெண்கள், அம்மாவை மயானத்துக்கு எடுத்த மறுநாளே யாரும் சொல்லாமல் வயலில் இறங்கிக் காய் பறித்து, அம்மா பேரிலேயே சந்தைக்கு அனுப்பினார்கள். பட்டாக்காரனான எனக்கு அது பறிக்கிற நாள் என்றே தெரியாது. அவர்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை; சொல்லிக்கொள்கிறேன்.

அட்டையில் அம்மா படத்துக்குக் கீழே 'விவசாயி' என்று போடச் சொன்னது நான்தான். அம்மாவை அப்படிச் சொல்கிற தாள் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். அம்மா கேட்ட தாள் இதுவல்ல.