அந்த பீரோவின் உள்பக்கம்

பாலிஷ் வரதன் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் செய்து சொன்னாள்.

காஞ்சிபுரத்துப் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம்... எழுபதுகளில் பிள்ளையார்பாளையத்தில் நானும் அவனும் சேர்ந்து மரச்சாமான் ஷாப் வைத்திருந்தோம். அறுத்து இழைத்துச் செய்வது நான். பாலிஷ் அவன்.

வேலைக்காரன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, துணிக்குள் பஞ்சு வைத்துச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். காயவிட்டு மறுபடியும் தேய்ப்பான். அவன் தேய்த்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

மத்தியானம் என் வீட்டுச் சாப்பாடுதான் அவனுக்கும். "டேய் மணி, தங்கச்சிகிட்ட சொல்லுடா, நாளைக்கும் இதே காரக்கொழம்பு" என்பான். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்... தங்கச்சியாம்!

பக்கத்துத் தெரு தறிக்காரர், மகள் கல்யாணத்துக்கு தேக்கு பீரோ ஆர்டர் கொடுத்தார். ஐப்பசி மாதம், விடாத மழை.

"உள்ள தடவாதடா. பட்டு வெக்கிற பீரோ. மழ வேற பேஞ்சிக்கினு இருக்குது, காயாது" என்று வரதனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சரிடா, சரிடா" என்றான்.

நான் ஒரு வாசக்கால் வைக்க பக்கத்துக் கூரம் கிராமத்துக்குப் போன நேரத்தில் உள்ளேயும் தடவி, பீரோவைக் கொண்டுபோய் இறக்கிவிட்டான். உள்ளேயும் பளபளப்பாக இருந்தால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்களாம்.

புது பீரோவில் முதலில் பட்டு வைக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில். அந்த வீட்டு அம்மா வைக்கலாமா என்று கேட்டதற்கு, "காஞ்சிபோச்சு, வைங்கமா" என்றிருக்கிறான்.

முகூர்த்தத்தன்று பீரோவைத் திறந்தால்... புடவை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்தால் சரிகை முழுக்க அரக்குக் கறை. மகளுக்காக அந்த மனுஷன் தன் தறியில் தானே நெய்த புடவை.

பந்தியில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

"உள்ள யாருபா பாலிஷ் போடச் சொன்னது?" தறிக்காரர் புடவையை விரித்துக் காட்டினார்.

வரதன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆசாரிதாங்க போடச் சொன்னாரு. பட்டு வெக்கிற பீரோ, மழ பேஞ்சிக்கினு இருக்குது, காயாதுன்னு நான் தலபாடா அடிச்சிக்கினேன்."

நான் சொன்ன வார்த்தை... அப்படியே!

அதுவரை 'டேய் மணி'. அன்றைக்கு மட்டும் 'ஆசாரி', 'சொன்னாரு'. என்ன மரியாதை, பாருங்கள்.

கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு நாற்காலிக் காலைச் சரிசெய்யக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. ஷாப்பை அவனிடமே விட்டுவிட்டு, பஸ் பாடி கட்டுகிற இடத்தில் கூலிக்குப் போய்ச் சேர்ந்தேன். பாவி.

பிறகு ஒரு தடவை கருட சேவைக் கூட்டத்தில் தோளில் கை போட்டான். "இன்னாடா மணி, எளச்சிட்ட?" கையைத் தட்டிவிட்டு நடந்தேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

இன்று போனில் அவன் மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா உங்களப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு மாமா. 'பீரோ விஷயத்துல மணி தப்பு பண்ணிட்டான், ஆனா நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்'னு சொல்வாரு."

மன்னித்துவிட்டானாம்... என்னை!

அப்பனைப் பறிகொடுத்து நிற்கிற பெண்ணிடம் என்ன பேசுவது? "சரிம்மா, வரேன்" என்று போனை வைத்தேன்.

மாலை வாங்கியாச்சு. கிளம்புகிறேன்.

வரதா, நான் உன்னை மன்னிக்கலடா. போய் வா.