குணமானவள்

என்னைப் பார்த்தால் அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

எட்டு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். இதே கொல்கத்தாவில், இதே ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் வைத்தியம் பார்த்துக் குணமாக்கினார்கள். இப்போது முப்பது தாண்டியாயிற்று, சால்ட் லேக்கில் ஆபீஸ் வேலை. ஆனாலும் கொஞ்ச காலமாக வருஷத்துக்கு இரண்டு முறை அந்தக் குழந்தைகள் வார்டுக்கே போய்க்கொண்டிருக்கிறேன். பெரியவர்கள் பிரிவில் கேட்டால், உங்களுக்குத்தான் நோயே இல்லையே, இங்கே என்ன வேலை என்பார்கள். குழந்தைகள் பிரிவில், வயசாகிவிட்டதே என்று இழுப்பார்கள். பந்தாடிப் பந்தாடி அலுத்துப்போய், என்னைப் போலப் பிழைத்து வந்தவர்களைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒரு மதியத்தை ஒதுக்கினார்கள். உட்காரக் கொடுப்பது யானை, முயல் படம் போட்ட குட்டி நாற்காலி. முழங்கால் மோவாயில் இடிக்கும்.

அதில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒரு நர்ஸ் அக்கா முறை கொண்டாடிக்கொண்டு வந்துவிடுவாள். "தீதி, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க." எங்கே? புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கும் ஏதாவதொரு தாயிடம். "பாருங்க, இவங்களும் இங்கதான் கிடந்தாங்க. இப்ப பூரண குணம். ஆபீஸ் போறாங்க." நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தாய் என் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பாள். ஜவுளிக்கடைப் பொம்மையாகப் பிறந்திருந்தால்கூடத் தேவலை, அதற்கு மூச்சிரைக்காது.

எனக்கு இரைக்கும். அன்று என் உயிரைக் காப்பாற்றிய சிவப்பு மருந்து, எத்தனையோ வருஷம் கழித்து இதயத்தைத் தளர வைக்கலாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. அதனால் குணமான பிறகும் விடாமல் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை என் பெற்றோரை உட்கார வைத்து ஒருத்தராவது சொன்னார்களா? இனிமேல் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று, ஏதோ வரம் கொடுப்பதுபோலச் சொல்லி, கையில் சந்தேஷ் இனிப்பு டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்களாம்.

எங்கள் வீட்டார் மட்டும் லேசுப்பட்டவர்களா? அன்றைக்கு வாசலில் டாக்டருக்குக் கையாட்டி, "போயிட்டு வரேன்" என்று சொல்லப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக் கூடாது, சொன்னால் திரும்பி வரும்படி ஆகிவிடுமாம். "திரும்பிப் பாக்காம நட" என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அந்த நோயின் பேரைக்கூட வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஹவுரா ஸ்டேஷன் சுரங்கப்பாதைப் படியில் ஏற முடியாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், "கண்ட நேரத்துல சாப்பிட்டா இப்படித்தான்" என்றாள் அம்மா. கடைசியில் இதய டாக்டர் எக்கோவைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அதையும் என்னைத்தான் கேட்டார்.

போன மாதம் நான் போயிருந்தபோது நர்ஸ் ஓடியே வந்தாள். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பெங்காலி சுத்தமாக வராது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு எனக்கு வந்த அதே நோய். வைத்தியம் தொடங்கியதும் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, குழந்தை தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்கிறது. போதும் இந்தச் சித்திரவதை, ஊருக்குப் போய் நாட்டு மருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று தாய் கிளம்ப நிற்கிறாள். வைத்தியத்தைப் பாதியில் விட்டால் குழந்தை பிழைக்காது. "உங்க பாஷையில சொல்லுங்க தீதி. பூரண குணமாயிடும், அப்புறம் ஒரு பிரச்சினையும் வராதுன்னு சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

அந்த 'ஒரு பிரச்சினையும் வராது'தான் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் இதயம் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள்.

கட்டிலில் அந்தத் தாய், என்னைவிடச் சின்னவள், மொட்டைத் தலைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கும் இதே சீக்காக்கா? இப்ப ஒண்ணுமில்லையா?"

"ஏன் இல்லை? இதே மருந்தால நெஞ்சு கெட்டுப்போச்சு. மாத்திரையிலதான் ஓடுது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. அப்பவே பாத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. யாரும் சொல்லலை. எங்க வீட்டுலயும் கேக்கலை. குணமாயிடுச்சுன்னு எல்லாரும் கைகழுவிட்டாங்க."

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்.

"மருந்தை நிறுத்தாதேம்மா. குணமாகும். ஆனா அதோட முடிஞ்சுதுன்னு எவன் சொன்னாலும் நம்பாதே. இவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தாலும், இவ நெஞ்சைப் பாருங்கன்னு வந்து நில்லு. வர வேண்டாம்னு சொன்னா சண்டை போடு."

என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகுதான் உறைத்தது. கிளம்புகிறவளைத் தடுக்கக் கூப்பிட்டால், நானே விரட்டிவிட்டேனோ?

அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்ன வயசுக்கா?"

"முப்பத்திமூணு."

அவள் குனிந்து குழந்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூச்சு வாங்கினா வாங்கட்டும்க்கா. இவ அந்த வயசுக்கு வந்துட்டாப் போதும். நான் இடுப்புல தூக்கிட்டு வந்தாவது காட்டிருவேன்."

பிறகு நர்ஸின் பக்கம் திரும்பி, குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்து, அடுத்த ஊசி எப்போது என்று சைகையில் கேட்டாள்.