தென்னை வரிசையில் ஒரு காலி இடம்

கிரான்வில் தோட்டத்தின் கீழ்ச்சரிவை அளக்கப் போன அன்றுதான் மெலிட்டா கட்ஜோவை முதலில் பார்த்தேன். நில அலுவலகத்தில் எனக்கு அது மூன்றாவது வாரம். அளவுச் சங்கிலியை இழுத்தால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அதன்மேல் உட்கார்ந்து ஒரு அம்மா துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொன்னேன்.

"படிச்ச புள்ளதானே? சங்கிலி கெடக்குற நெலம் யாருதுன்னு கேட்டுட்டு இழு தம்பி" என்றார்.

அவருக்கு அப்போது அறுபது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் எலுமிச்சை பொறுக்கியவர். கரீபியக் கடலிலுள்ள எங்கள் கரியக்கூ தீவில் எலுமிச்சையைப் பறிப்பதில்லை. உதிர்ந்ததை விடியலில் பொறுக்கி, கூடையில் சுமந்து ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். சாறு பட்டுப் பட்டு அவர் விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

தோட்டத்துரையின் வாரிசுகள் கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு சரிவை விற்க முடிவெடுத்திருந்தார்கள். பதினான்கு வீடுகள் காலியாக வேண்டும். யாரிடமும் பத்திரம் இல்லை. வீட்டைக் காட்டியும் பயனில்லை. எங்கள் ஆட்களின் பலகை வீடுகள் கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. துரை போ என்றால் பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடலாம், அதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

மிச்சமிருந்த சாட்சி மரம்தான். குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து, அதன்மேல் ஒரு தென்னை வைப்பது வழக்கம். ஆனால் கூலிக்காரர் மரம் வைக்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். மரம் வைத்தவன் நாளைக்கு மண்ணையும் கேட்பான் அல்லவா. அதனால் எங்கள் தாய்மார்கள், காற்றுத் தடுப்புக்காகத் தோட்டம் வைத்திருந்த தென்னை வரிசையின் வாலில், அதுவும் தோட்டத்து மரம் போலவே ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே போனார்கள்.

காலி செய்ய மறுத்து அவர்கள் போட்ட மனுவை விசாரிக்க அதிகாரி சரிவுக்கே வந்தார். வரிசை முழுவதும் தோட்டம் நட்டதுதான் என்று வாரிசுகளின் வக்கீல் சாதித்தார். மெலிட்டா வாதாடவில்லை. எல்லோரும் அவரவர் மரத்தடியில் போய் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார். எழுபத்தெட்டு வயது டைட்டஸ் தாத்தா நின்றது வானத்தைத் துழாவும் மரத்தடியில். அங்கிருந்து ஆளின் வயது இறங்க இறங்க மரமும் இறங்கியது. கடைசியில், நாலு மாதக் குழந்தையோடு ஒருத்தி நின்ற இடத்தில் கன்று அவள் முழங்காலுக்குத்தான் வந்தது.

வருஷத்துக்கு ஒன்றாகத் தோட்டமே நட்டிருக்கும் என்று வக்கீல் சிரித்தார். "சரி, உங்க மரம் எங்கம்மா?"

மெலிட்டா வரிசையில் மரமில்லாத ஒரு இடத்தில் நின்றார். இடம் மறக்காமலிருக்கச் சுற்றிலும் சங்கு அடுக்கி வைத்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், கூடையைக் குவித்து அளக்காதே, தலைதட்டி அள என்று பொறுக்கும் பெண்களைச் சேர்த்து அவர் இரண்டு நாள் வேலையை நிறுத்தினார். அப்போது வெட்டப்பட்ட மரம் நின்ற இடம் அது. அன்று கோடாலி பிடித்த பழைய கங்காணி எலியாசர், இந்த விசாரணைக்கு வக்கீலின் சாட்சியாக வந்திருந்தார்.

"எலியாசர் அண்ணே, இங்க நின்ன மரத்த வெட்டுனது யாரு?"

"நாந்தான்."

"காய்ச்சுக்கிட்டு நின்ன தோட்டத்து மரத்த எதுக்குண்ணே வெட்டுனீங்க?"

எலியாசர் கையிலிருந்த தொப்பியையே பார்த்தார். அவருக்குச் சோறு போடுவது தோட்டம் கொடுக்கும் ஓய்வூதியம்தான் என்று அங்கே தெரியாதவர் இல்லை.

"அது ஒன் மரம் மெலிட்டா. அதனாலதான். ஒன்ன அடிக்கச் சொல்லல தொர. ஒன் மரத்த வெட்டச் சொன்னாரு."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மண் குடியிருந்தவர்களுக்கே என்று தீர்ப்பானது. பதினான்கு பத்திரங்களையும் நான்தான் எடுத்துப் போனேன். மெலிட்டாவின் பெருவிரலில் மை மட்டும் ஒட்டியது, ரேகை விழவில்லை. "இத தொர எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.

எலியாசரின் ஓய்வூதியம் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாப்பிடுவது மெலிட்டா வீட்டில். மெலிட்டாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. அதே சரிவில்தான் இருக்கிறார். வீட்டைக் கல்லிலிருந்து இறக்கி, சிமெண்டு அடித்தளத்தில் வைத்துவிட்டார்.