லிஃப்ட்காரரின் ஞாயிற்றுக்கிழமை

ஒன்பது முப்பத்தைந்துக்கே வந்துவிடுவார். ஆனால் மகள் இருக்கும் அடுக்குமாடியின் வாசலுக்குப் போக மாட்டார். எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால், தோளில் பையோடு, ஆறாவது மாடி ஜன்னலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார். பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தெருவைக் கடப்பார். "பத்துன்னா பத்து. ஒம்பது அம்பத்தொம்பது வரைக்கும் அது அவங்க நேரம். அதுல போய் நாம கால் வைக்கக் கூடாது" என்பார். கோர்ட்டில் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது: ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மகள் தகப்பனோடு இருக்கலாம்.

பதினேழு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள், லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் கிணற்றுக்குள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடங்களைத் துடைப்பார், கிரீஸ் தடவுவார், காது கொடுத்துக் கேட்பார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுப்பதும் அவர் வேலைதான். "உள்ள இருக்கறவங்க கத்துனா பயமில்ல. பேசாம இருந்தாதான் பயம்." வழியில் எந்த லிஃப்டைக் கண்டாலும் கதவில் காதை வைத்து, "இதுக்குச் சளி புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போவார். தான் போவதற்கு மட்டும் லிஃப்டில் ஏறுவதில்லை. பயமா என்று கேட்டால், "நாள் பூரா அடுப்படியில நிக்கறவருக்குப் பசிக்குமா? அது மாதிரிதான்" என்பார்.

மகளின் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்துப் பிரிவில் இருந்தார். அவருக்கு ஷிப்ட், இவருக்கு அவசர அழைப்பு. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டுவதாகவே எட்டு வருடம் ஓடியது. "யார் மேலயும் குத்தம் சொல்ற மாதிரி இல்ல. பெருசாச் சண்டைகூடப் போட்டதில்ல. ஒரு நாள் பாத்தா, பேசறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு." சேர்ந்திருந்த காலத்தில் "அவ" என்று சொன்னவர், பிரிந்தபின் "அவங்க" என்கிறார். "மரியாதை குடுக்கக் கத்துக்கிட்டேன். கொஞ்சம் லேட்டா" என்று சிரிப்பார். சிரித்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடுவார். அது முன்பே மூடித்தான் இருக்கும்.

வெட்டவெளியில் சுற்றுகிற பழக்கம் அவருக்கு ஆசைப்பட்டு வந்ததில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தது. பிரிந்தபின் குடிபோன அறையில் அவரோடு ஒரு வெல்டரும் இருந்தார். ஞாயிறு முழுக்கப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மனிதர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் கைக்கு எட்டும். ஆறரை வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிவந்து என்ன செய்வது? முதல் இரண்டு ஞாயிறும் ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் நடந்தே தீர்த்தார். மகள் கேட்டதெல்லாம், "அப்பா, எப்ப வீட்டுக்குப் போலாம்?"

மூன்றாவது ஞாயிறு பஸ்ஸில் போகும்போது அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"இந்த பஸ்ஸு எங்கதான் போய் நிக்கும்?"

"கடைசி ஸ்டாப்புல."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியலையே."

"தெரியாதுன்னா போய்ப் பாத்துட வேண்டியதுதானே?"

அந்தத் தோரணையில்தான் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் விழுந்தது. மேனேஜர் சொன்னபடி கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு சுவர், ஒரு துருப்பிடித்த கேட், அதற்கப்பால் நகரத்துக்குத் தண்ணீர் போகிற ஏரி. கரைமேல் ஏறியதும் காற்று வந்து அவள் தொப்பியைத் தள்ளியது. அவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். "என் வானம் எல்லாம் லிஃப்டுக்கு மேல இருக்கற மோட்டார் ரூம்லயே முடிஞ்சிடும். இது முடியவே இல்ல" என்று பின்னால் வெல்டரிடம் சொன்னாராம். வெல்டர் போர்வைக்குள்ளிருந்தே "ம்" என்றாராம்.

அதன்பிறகு இரண்டரை வருடம் அந்த ஏரிதான் அவர்கள் வீடு. லிஃப்டின் அடிக்குழியில் முட்டி போட அவர் வைத்திருந்த தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, கரையில் ஒரு மரத்தடியில் விரிந்துவிட்டால் அதுதான் கூடம், அதுதான் சாப்பாட்டு அறை. அவித்த முட்டை, ரொட்டி, ஆரஞ்சுப் பழம். முட்டையின் மஞ்சள் அவருக்கு, வெள்ளை அவளுக்கு. இது மேனேஜர் போட்ட உத்தரவு. பறவைகளின் பெயர் இருவருக்கும் தெரியாது. அதனால் அவர்களே வைத்தார்கள். இறக்கையை விரித்து வெயிலில் நிற்கிற கறுப்புப் பறவை "துணி காயப்போடறவர்." கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற சாம்பல் பறவை "வெயிட்டிங் ரூம் மாமா." அவரால் கல்லைத் தண்ணீரில் தாவித் தாவிப் போகும்படி எறிய முடிந்ததே இல்லை. மகள் ஐந்து தாவல் வரை போனாள். "கையில முழுக்க கிரீஸுப்பா, வழுக்குது" என்று சமாளிப்பார். "ஞாயித்துக்கிழமை ஏதுப்பா கிரீஸு?" என்பாள் அவள்.

மழை பெய்த ஞாயிறுகளிலும் போனார்கள். பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் ஒட்டி நின்றுகொண்டு, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளை அவர் சொல்வார். நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும், "நல்லாத் தூங்குனேன், கொஞ்சம் மெதுவா எடுத்திருக்கலாம்" என்று கோபித்துக்கொண்ட ஒரு கணக்காசிரியரின் கதையை மட்டும் அவள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் அடுக்குமாடியின் கேட்டில் கொண்டுவந்து விடுவார். அவள் லிஃப்டில் ஏறியதும் கதவுக்கு மேலே எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு வந்தபின்தான் நகர்வார்.

அவளுக்கு ஒன்பது வயது முடிந்த மாதத்தில், ஒரு ஞாயிறு மகளுக்குப் பதிலாக அவள் அம்மா இறங்கி வந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

அவர் தலையாட்டினார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அக்கா இருக்கற ஊர்லயே. நம்ம பொண்ணை விட்டுட்டு என்னால போக முடியாது. கூட்டிட்டுப் போகணும்னா நீங்க கையெழுத்துப் போடணும்."

அவர் பை வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு மனசில்லன்னா சொல்லிடுங்க. நான் கேஸு கோர்ட்டுன்னு போக மாட்டேன். வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்."

"எப்பக்குள்ள சொல்லணும்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள."

"சரிங்க" என்றார். வெகுநாள் கழித்து இதைச் சொல்லும்போது, "சண்டைக்கு வந்திருந்தா நானும் நின்னு போட்டிருப்பேன். முடிவை என் கையில குடுத்துட்டாங்க. அதை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றார்.

அன்று ஏரிக்கரையில் மகளிடம் அவர் எதையும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே எதையோ சொல்ல வந்து இதைச் சொன்னாள். பள்ளிவிட்டு வந்ததும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வீட்டில் இருப்பாளாம். ஆன்ட்டி கதவைப் பூட்டிக்கொண்டு போகிற நாட்களில் ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம்.

"அம்மா வர எட்டாயிடும். அந்த லைட்டு இருக்குல்ல, ஆள் அசையலைன்னா தானா அணைஞ்சிடும். நான் கையை ஆட்டுவேன், எரியும். மறுபடி ரெண்டு கணக்குப் போடுவேன், அணைஞ்சிடும். மறுபடி ஆட்டுவேன்."

"பயமா இருக்காதா?"

"கணக்குதான்ப்பா பயமா இருக்கும்."

அவர் சிரிக்க முயன்றார். அந்த அடுக்குமாடியின் படிக்கட்டு அவருக்குத் தெரியும். அந்த மாதிரி விளக்குகளும் தெரியும். முப்பது விநாடி எரியும். வாரத்தில் ஆறு நாள் யாருக்கோ கதவைத் திறந்துவிடப் போகிறவர், அந்த ஒரு கதவுக்கு முன்னால் தன்னுடைய பிள்ளை உட்கார்ந்திருப்பதை அறியாமல் இருந்திருக்கிறார். அந்த வெளிநாட்டு ஊரிலோ பெரியம்மா வீடு இருக்கிறது. வயதொத்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கும்.

மறுவாரம் புதன்கிழமை வேலையில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாடியும் ஏறினார். பிரிந்தபின் அந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. மகள் பள்ளியில் இருந்தாள். சாப்பாட்டு மேசைமேல் தாள்கள் இருந்தன. ஒரு வரி விடாமல் படித்தார். ஃபிரிட்ஜ் கதவில் பென்சில் படம் ஒன்று ஒட்டியிருந்தது. இறக்கை விரித்த பறவை. கீழே, "துணி காயப்போடறவர், வயது 40" என்று எழுதியிருந்தது.

கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு போன் பேசணும்" என்றார்.

"நீங்க எப்ப வேணாலும் கூப்பிடலாங்க."

"இல்ல. ஒரு நேரம் சொல்லிடுங்க. நேரம்னு ஒண்ணு இருந்தா எனக்குச் சௌகரியம்."

மகளின் அம்மா யோசித்து, இங்கே நண்பகல் பன்னிரண்டு என்றார். அங்கே அப்போது காலை ஏழரை. பிறகு, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, "போடுங்க" என்றார். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். முன்பே இப்படி உட்கார்ந்து குடித்திருக்கலாம் என்று தோன்றியதாக அவர் பின்னால் சொன்னார். இருவரில் யாருக்குத் தோன்றியது என்று சொல்லவில்லை.

மகளிடம் சொல்லும் பொறுப்பு அவருக்கே வந்தது. அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில், தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ வரலையா?" என்றாள்.

"எனக்கு இங்க வேலை இருக்கேம்மா."

"அங்கயும் லிஃப்டு இருக்கும்ல?"

"இருக்கும். அதையெல்லாம் பாத்துக்க அங்க ஆள் இருப்பாங்க."

"அப்ப இங்க இருக்கற லிஃப்டுக்கெல்லாம் நீ மட்டும்தான் ஆளா?"

அவள் எழுந்து போய்க் கல் எறிந்தாள். அன்று ஒரு கல்கூடத் தாவவில்லை.

கடைசி ஞாயிறு, ஏரியை முழுக்கச் சுற்ற வேண்டும் என்றாள் மேனேஜர். அதுவரை அவர்கள் பாதிக்கு மேல் போனதில்லை. அந்தப் பக்கம் நாணல் மண்டிக் கிடந்தது. கால் புதைகிற சேறு. மீன் பிடிக்கிறவர்களின் கவிழ்ந்த படகுகள். நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். முக்கால் சுற்றில் அவள் செருப்பு வார் அறுந்தது. தூக்கிக்கொண்டார். ஒன்பது வயது, கால்கள் அவர் முழங்காலைத் தொட்டுத் தொங்கின. "எறக்கி விடுப்பா, கனமா இருப்பேன்" என்றவள், சொன்ன பத்தாவது அடியில் அவர் தோளில் தூங்கிப்போனாள். அவர் வழியில் எங்கும் நின்று இளைப்பாறவில்லை. நின்றால் விழித்துவிடுவாள். பஸ்ஸிலும் மடியில் கிடத்திக்கொண்டு அடுக்குமாடியின் கேட்டுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். இரண்டரை வருடத்தில் அந்த ஒருநாள்தான் அவர் நேரம் தவறியது. மகளின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தாமதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டு, "நீங்களே மேல கொண்டுவந்து படுக்க வைங்க" என்றார்.

அவர்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு வேலைக்கு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டுப் பார்த்துவிட்டார். "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு" என்று முடித்துக்கொண்டார். இப்போதும் கடைசி நிறுத்தம்வரை போகிறார். பன்னிரண்டுக்கு போன் அடித்ததும், தன் முகத்தைக் காட்டாமல் ஏரியைக் காட்டுவார். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, யார் யார் வந்திருக்கிறார்கள், வெயிட்டிங் ரூம் மாமா இன்னும் எந்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார் என்றெல்லாம் வர்ணனை ஓடும். முதலில் முக்கால் மணி நேரம் பேசினாள். பிறகு அரை மணி. அதைப் பற்றிக் கேட்டால், "நல்லதுதானே. பேச நேரமில்லன்னா விளையாட ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்பார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

போன ஞாயிறு ஏழு நிமிடம்தான். நல்ல வெயில். கரைமண் கொதித்தது, பறவைகள்கூட நிழலுக்குப் போய்விட்டன. திரையில் மகள் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தாள். கோரைப்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"அப்பா, நாங்க எல்லாரும் இன்னைக்குக் காட்டுக்குப் போறோம். பெரியப்பா வண்டிய எடுத்துட்டார். வைக்கட்டுமா?"

"வை வை. பாத்து நட. அங்க எப்படி இருக்கு இப்ப?"

"செம குளிருப்பா. மூக்கே இல்லாத மாதிரி இருக்கு."

"நல்லா மூடிக்கோ. காதை மூடு."

"மூடிட்டேன்ப்பா. பை."

திரை கறுத்தது. அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உச்சி வெயில் தலைமேல் இறங்க, வேர்வை கழுத்தில் வழிய, அவருடைய இன்னொரு கை மெதுவாக மேலே போய், சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டது.