கோடு விழாத தகடு

சின்னப்பனின் முழங்காலை உடைத்தவன் நான். ஒகாவா அல்ல. நான்தான்!

இதை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. மலாயாவில் எங்கள் மூவார் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்... அந்த ஜப்பானியப் படக்காரன்தான் என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களை அப்படி நம்பவிட்டவனும் நானே. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் பெயர் அந்தோணி. மூவாரில் படக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், சவ ஊர்வலம் என்று எது வந்தாலும் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவேன். சனிக்கிழமை மாலையென்றால் பந்தாட்டத் திடல். என் கடைக்கு எதிர்ச்சாரியில் ஒகாவாவின் கடை. அவரும் வருவார். சீனப் படக்காரர்கள் இருவரும் வருவதுண்டு. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்போம்.

அந்த வரிசைக்கு ஒரு மரியாதை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. முதலில் வந்தவன் இடம் பிடிப்பான். அவன் காமிராவுக்குக் குறுக்கே அடுத்தவன் தலை வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய மரியாதை, சுண்ணாம்புக் கோட்டுக்கு மூன்று எட்டுப் பின்னால் நிற்பது. பந்தைத் துரத்தி வருகிறவனால் கோட்டிலேயே கால் ஊன்றி நிற்க முடியாதல்லவா? அவன் ஓடி அடங்குவதற்கு அந்த மூன்று எட்டு. காமிராவை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தால், படத்தின் அடியில் அந்தக் கோடு விழும். கோடு விழாத படத்தை எவனாவது காட்டினால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். முன்னே போய் எடுத்திருக்கிறான் என்று பொருள்!

இன்னொன்றும் உண்டு. எங்களுக்குள் எந்தச் சச்சரவு வந்தாலும் திடல்காரர்களிடம் கொண்டுபோகக் கூடாது. இதை நீங்கள் மறக்க வேண்டாம். இதற்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

சின்னப்பன் விழுந்த ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஒகாவா தம் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு படம் வைத்திருந்தார். பந்து அந்தரத்தில் நிற்கிறது. கோல்காப்பவனின் விரல் நுனி அதைத் தொட்டும் தொடாமலும்... அடியில் கோடு, நூல் பிடித்த மாதிரி. என் வாடிக்கைக்காரர்களே அங்கே கும்பலாக நின்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். "நல்ல படம்" என்று சொன்னேன். வயிறு எரிந்தது! ஏன் மறைக்க வேண்டும்? நன்றாகவே எரிந்தது.

அன்று மூவாருக்கும் தங்காக்குக்கும் ஆட்டம். தங்காக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டு வேலை செய்யும் சின்னப்பன் வலது ஓரத்தில் ஓடினான். வெறுங்கால். அவன் ஓட ஆரம்பித்தால் தமிழ்ச்சனம் மட்டுமல்ல, மலாய்க்காரர்களும் எழுந்து நிற்பார்கள். என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு. அவன் முகம் பெரிதாக விழ வேண்டும்... ஒகாவாவின் படத்தைவிடப் பெரிதாக!

அன்று சீனர்கள் வரவில்லை; வரிசையில் நானும் ஒகாவாவும்தான். ஓர் எட்டு முன்னால் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. இன்னோர் எட்டு. ஒகாவா பார்த்தார். தொண்டையைச் செருமினார். எங்கள் வழக்கத்தில் அதற்கு மேல் கண்டிப்பு கிடையாது. எனக்குக் காது கேட்காதது போல் நின்றேன். கோட்டுக்கும் என் முக்காலிக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது.

சின்னப்பன் வந்தான். கோட்டோரத்தில் பந்தை எட்டி உள்ளே உதைத்தான். அந்தக் கணத்தில் ரப்பர் குமிழை அழுத்தினேன். 'கிளிக்'... அவ்வளவுதான். அவனால் நிற்க முடியவில்லை. அவனுடைய கால் என் முக்காலியின் இரு கால்களுக்கிடையே புகுந்து முறுக்கிக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத என்னால் ஆகாது.

அவன் விழுந்த வேகத்தில் என் காமிரா பின்னால் எகிறி ஒகாவாவின் காமிராவையும் தள்ளிற்று. இரண்டும் மண்ணில்! நான் என்ன செய்தேன், தெரியுமா? என் காமிராவைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு பின்னால் போனேன், மூன்று எட்டு, சரியாக மூன்று. ஒகாவா தம் காமிராவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டுச் சின்னப்பனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அலமாக்! கால் போச்சு லா!" என்று யாரோ கத்தினார்கள். சனம் திமுதிமுவென்று ஓடி வந்தது. வந்தவர்கள் கண்டது என்ன? சின்னப்பன் காலடியில் விழுந்து கிடக்கும் ஒரு காமிரா. பக்கத்தில் ஒரு ஜப்பானியர். சீனத்தின் வடக்கே சண்டை மூண்டு, ஜப்பான் சாமான் வாங்காதே என்று கடைத்தெருவெல்லாம் பேச்சாயிருந்த நாட்கள் அவை. வேறென்ன வேண்டும்!

திடல் சங்கத்தின் செயலாளர், நேர்மையான மலாய்ப் பெரியவர், அவசரப்படவில்லை. நேரே என்னிடம் வந்தார். அவன் காலில் சிக்கியது யாருடைய முக்காலி, நீ பக்கத்திலேயே இருந்தாயே என்று மலாயில் கேட்டார்.

"நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன், துவான். ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன்.

எவ்வளவு அழகான பொய்! தகட்டைப் பொருத்திவிட்டால் துணிக்குள் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. படமெடுக்கிறவன் காமிராவுக்குப் பக்கத்தில்தான் நிற்பான், கண்ணைத் திறந்துகொண்டு. இது செயலாளருக்குத் தெரியாது. ஒகாவாவுக்குத் தெரியும். என் குமிழின் சத்தத்தையும் கேட்டவர் அவர். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்... நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார் போலும். நான் காமிராவின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாய் திறக்கவில்லை. எங்கள் சச்சரவைத் திடல்காரர்களிடம் கொண்டுபோகக் கூடாதே! அந்த மரியாதையை அவர் கடைசிவரை காத்தார். அதைக் காப்பதாக நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்!

அந்தி சாயுமுன் தகட்டைக் கழுவினேன். தகட்டில் வெள்ளை கறுப்பாக விழும். கோடு கரிய கோடாய்த் தெரிய வேண்டும். சின்னப்பன் வந்தான்... இரண்டு பாதங்களும் தரையில் இல்லை, கழுத்து நரம்புகூடத் தெளிவு. அடியில் கோடு இல்லை. என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களிலேயே சிறந்தது அது. உடைக்கச் சுத்தியல் எடுத்தேன். ஒரு முறையா, மூன்று முறை! முடியவில்லை. மனச்சாட்சி தடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். அழகாயிருந்தது, அதனால்தான்.

சங்கம் ஒகாவாவைத் திடலில் கால் வைக்கக் கூடாதென்று தடுத்தது. அடுத்த வாரம் அவருடைய கண்ணாடிப் பெட்டியின் மேல் கல் விழுந்தது. மூன்றே மாதத்தில் கடை காலி. அங்கே போனவர்கள் என்னிடம் வந்தார்கள்.

கப்பலேறப் போகுமுன் ஒகாவா என் கடைக்கு வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்! அவர் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: "படம் நன்றாக விழுந்ததா?"

"இல்லை... அசைந்துவிட்டது" என்றேன்.

"திடா அப்பா" என்றார். பரவாயில்லை என்று. குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அந்தப் படத்தைப் பார்க்கத் தகுதியுள்ள ஒரே மனிதர் அவர்... அவருக்கும் காட்டவில்லை நான்.

அவர் ஒற்றர் என்று பிறகு ஊரில் பேசினார்கள். இருக்கட்டுமே! எனக்குத் தெரியாது. ஒற்றராகவே இருந்தாலும் அன்று அவர் முக்காலி மூன்று எட்டுப் பின்னால்தான் நின்றது.

ஒகாவா ஊரில் இருந்தபோதே ஒரு நாள் சின்னப்பனைப் பார்க்கப் பழங்கள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் கட்டையாய் நீண்டு கிடந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்களாச்சும் வந்தீங்களே. அந்த ஜப்பான்காரன் எட்டிக்கூடப் பாக்கல பாருங்க" என்றான். ஒகாவா இரண்டு முறை வந்து வாசலிலேயே விரட்டப்பட்டதை நான் அறிவேன். "ஓய்வெடு தம்பி" என்று மட்டும் சொன்னேன். இன்று அவன் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை பார்க்கிறான். சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். ஓடுவதில்லை.

கோவிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபத்தைச் சொல்வேன், குடியைச் சொல்வேன். இது தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன். உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னைத் தெருவில் பார்க்கப் போவதில்லை என்பதாலா? அதுவும் ஒரு கோழைத்தனமோ...

இன்னும் கேளுங்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு சங்கம் படக்காரர்களுக்கென்று ஒரு மேற்பார்வையாளரை நியமித்தது. யாரை? என்னை! ஆட்டம் தொடங்குமுன் மூன்று எட்டு அளந்து கயிறு கட்டுகிறவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுப்பவனும் நான்.

போன சனிக்கிழமை ரெங்கம் என்ற ஊரிலிருந்து ஒரு புதிய படக்காரர் வந்திருந்தார். என் வயதுக்காரர். கயிற்றைப் பார்த்துவிட்டு, "அந்த ஜப்பான்காரன் கத இங்கதானே நடந்துச்சு? எங்க நின்னான்ணே?" என்று கேட்டார்.

கயிற்றைத் தாண்டி நடந்தேன். கோட்டுக்கு ஒரு முழம் இப்பால், அன்று நான் நின்ற இடத்தில், அதே இடத்தில் போய் நின்றேன்.

"இங்கதான் நின்னான்" என்றேன்.