எலிக்குக் கேட்டுவிடுமே!

அறுபதுகளின் கடைசி. கல்யாணமான கையோடு கணவருடன் கப்பலேறி அந்தமானின் லாங் ஐலண்டுக்கு வந்திருந்தேன். அவருக்கு மர டிப்போவில் கிளார்க் வேலை. தங்குவதற்குப் பலகை வீடு. எங்களுக்கு முன்பே அதில் எலிகள் குடியிருந்தன.

எலியை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகப் பார்ப்பார்கள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. எதிர்வீட்டு வங்காளிகள் குழந்தைக்கு விழுந்த பல்லை எலி வளையில் போட்டு, "உன் பல்லைக் கொடு" என்று கேட்பார்கள். திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலோ, எலியை ஒழிக்கிற பேச்சை வாய்விட்டுப் பேசவே மாட்டோம். அதற்குக் கேட்டுவிட்டால் பழிவாங்கத் துணியைக் கடித்துவிடுமாம். பத்தாவது வரை படித்தவள்தான் நான். ஆனாலும் டிரங்குப் பெட்டியில் நாலு பட்டுச்சேலை இருந்ததே!

அதனால் கணவர் போர்ட் பிளேரிலிருந்து எலி பாஷாணம் வரவழைத்தபோது எங்களுக்குள் எல்லாம் ஜாடைதான். தேங்காய்ச் சில்லில் தடவிப் பரணில் வைத்தேன். அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் போனேன். வேலிக்கு அந்தப்பக்கம், காடு வெட்டும் வேலைக்கு ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு அக்காவை நான் 'தீதி' என்று கூப்பிடுவேன். அவர் இரண்டு கொழுத்த எலிகளை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் எலி சாப்பிடுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் கணவர் சோற்றுத் தட்டோடு காத்திருந்தார்.

"தும்ஹாரே கர் ஸே ஆயா. பாகா பீ நஹீ!" என்று சிரித்தார் தீதி. உன் வீட்டிலிருந்து வந்தது, ஓடக்கூட இல்லை என்கிறார்!

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நிலையிலும் மிச்ச எலிகளுக்குக் கேட்டுவிடுமோ என்று என் கண் ஒரு நொடி எங்கள் வீட்டுக் கூரைக்குப் போனது. அப்புறம்தான் கத்தினேன்.

"தீதி, மத் கானா! ஜஹர் ஹை! மைனே சூஹே கோ ஜஹர் தியா!"

சாப்பிடாதீர்கள், எலிக்கு நான்தான் விஷம் வைத்தேன் என்றதும் இரண்டையும் நெருப்பிலிருந்து இழுத்து வீசினார். இருவருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். கையைக் கழுவிக்கொண்டே, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சூஹா ஸுனேகா, இஸ்லியே முஜே நஹீ போலா?"

எலிக்குக் கேட்டுவிடும் என்றா எனக்குச் சொல்லவில்லை என்கிறார்!

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வேலியோரம் வந்து, இனிமேல் மருந்து வைத்தால் சத்தமாகச் சொல் என்றார். அன்றே எங்கள் லைன் வீடுகள் முழுக்க ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன்.

அந்த வாரமே என் மாம்பழக் கலர் பட்டுச்சேலையின் முந்தியில் மூன்று ஓட்டை. "கேட்டுடுச்சு பாத்தியா!" என்றார் கணவர். இருக்கலாம், யார் கண்டது?

அந்த ஓட்டைகளை நான் தைக்கவே இல்லை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு சேலைக்குப் பயந்து வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த இரண்டு உயிர்களை மறந்தேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.